நண்டு மேல் உட்கார்ந்தவன்

ஆழிக்குடியிருப்பில் ஒரு ரெக்கார்டு இருந்தது, அது சுற்றும்போது எதிரில் நின்று யார் கேலி செய்தாலும் அந்தக் கேலி அதிலேயே ஏறிக்கொள்ளும், பிறகு எப்போது போட்டாலும் பாட்டோடு பாட்டாக அதுவும் கேட்கும் என்பது, உப்புக் காற்று கதவுத் தாழ்ப்பாளைத் தின்னும் என்பதைப் போல அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு, தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ரெக்சலினுக்கு அதைச் சொன்னது பக்கத்து வீட்டு செலீன் அக்கா. ரெக்கார்டு இருந்ததே ரெக்சலின் மருமகளாக வந்த வீட்டில்தான், அவளுடைய மாமனார் கஸ்பாரிடம். கஸ்பார் வாலிபத்தில் கொழும்புக்குப் போய் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் வேலை பார்த்தார் என்றும், திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ரெக்கார்டு போடுகிற மிஷின் ஒன்றும் கொண்டுவந்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். அவர் வந்து இறங்கிய வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள், பெட்டியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் உபதேசியார் வீட்டுக்குள் வந்தார், மேலாகக் கிடந்த ரெக்கார்டின் அட்டையைப் பார்த்தார். நீல அங்கி உடுத்த ஒரு பெண், தலையைச் சுற்றி நட்சத்திரம், காலுக்குக் கீழே பிறை நிலா, பிறைக்குக் கீழே ஒரு பாம்பு. கொழும்புக்காரர்கள் மாதாவுக்குப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கும்பிட்டு, கண்ணில் ஒற்றி, "நாளைக்குக் கொடி ஏறும்போது இததான்லே போடணும்" என்று கொண்டுபோய்விட்டார். கஸ்பார், "இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்ததைக் கேட்க உபதேசியாருக்கு நேரமில்லை.

மறுநாள் கொடிமரத்தடியில் ஊரே முழங்காலில் நிற்க, பங்குச்சாமி புகை போட, தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து எந்தக் கணக்கிலும் அடங்காத ஒரு கொட்டுச் சத்தம் நொண்டி நொண்டி வந்தது, அதன்மேல் கோயில் ஆர்கனைப் பேய் பிடித்த மாதிரி ஒரு ஆர்கன் ஏறி ஏறிப் போனது, ஏறின இடத்தில் நின்றுகொண்டு ஒரு ஆம்பிளை பொம்பிளைக் குரலில் இங்கிலீஷில் கூப்பாடு போட்டான். கொடிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் கயிற்றை விட்டுவிட்டார். ஊரே எழுந்து ஊளையிட்டது. "இறக்குலே அவன!" "எவம்லே அது, தொண்டையில மீன் முள்ளு குத்துனவன்?" "செபம் பண்ணுங்கலே, உசிரு போவுது அவனுக்கு!" ரெக்கார்டிலிருந்து மிஷின் முள்ளை எடுப்பதற்குள் ஊர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டது.

சில மாதம் கழித்து யாரோ விளையாட்டாகக் கேட்டு கஸ்பார் வீட்டில் அதைப் போட்டபோது, கொட்டும் ஆர்கனும் போக அந்த ஊளையும் உள்ளேயிருந்து கேட்டது. பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார், போகவில்லை. போகாத ஒன்றோடு என்ன செய்ய, ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழகினதோடு நிற்காமல் அதை உபயோகத்துக்கும் கொண்டுவந்தது. செலீன் அக்காவின் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருஷம்தான் அது ஆரம்பித்தது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அவன் இந்த ரெக்கார்டைக் கேட்டு, "செருப்பால அடிங்கலே இவன" என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்து உட்கார்ந்தாள். அந்த இடம் வந்ததும் மிஷின் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எய்யா, நீ பேசுற மாதிரியே இருக்கே" என்று அழுதாள். பிணம்கூடக் கிடைக்காத வீட்டுக்குக் குரலாவது கிடைத்ததே என்று ஊர் சொன்னது.

அதன்பிறகு படுக்கையில் விழுந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். சும்மா பேசினால் ஏறாது. பாசமாகச் சொன்னால் ஏறாது. சிரிக்கிற மாதிரி நடித்தாலும் ஏறாது. மனசாரக் கேலி செய்ய வேண்டும். பெரிய சந்தியாகு சாகக் கிடந்தபோது அவருடைய மக்கள் மூன்று பேரும் காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள், "அப்பா, ஒரு வார்த்த திட்டுங்கப்பா!" அவரோ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானலே பாடுதான், பாவம்" என்றார். அந்த வீட்டில் அவர் குரல் இல்லாமலே போயிற்று. இன்றைக்கும் அந்த மக்கள் அப்பாவுக்கு மாதத் திருப்பலி வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சடைத்துக்கொள்வார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் ரெக்கார்டு போட்டுக் காட்டுவது கஸ்பார். பழைய வேட்டித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விளிம்பில் முள்ளை வைப்பார். "எங்க அப்பா வர்ற எடத்த மட்டும் போடும்" என்று எவ்வளவு கேட்டாலும், "மொதல்லருந்துதான்" என்பார். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அரை மணி நேரம். ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, தங்கள் ஆள் வரும்வரை காத்திருப்பார்கள். கிழவருக்குப் பிடிவாதம் என்று ரெக்சலின் நினைத்துக்கொள்வாள்.

ரெக்சலின் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும். புருஷன் வளன் தங்கல் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பிள்ளை மிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் அறுப்பாள், தண்ணீர் பிடிப்பாள், அதற்கு நடுவில் தெருவையும் சிரிக்க வைப்பாள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், வீடு நிறைய விருந்தாளி இருக்க ரெக்கார்டு ஓடி, அந்த ஆம்பிளை குரலைத் தூக்கிக்கொண்டே போய் இறங்கத் தெரியாமல் நின்ற இடத்தில், புதுப்பெண் என்ற கூச்சமெல்லாம் இல்லாமல், "யாத்தே, நண்டு மேல உக்காந்துட்டு எந்திரிக்கத் தெரியாம பாடுறான் போல!" என்று சொல்லிவிட்டாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. வேறு எந்தக் குரலும் அவ்வளவு தெளிவாக ஏறவில்லை. செத்தவர்களைக் கேட்க வருகிறவர்கள் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "ஏட்டி, நண்டு வரட்டும், கேட்டுட்டே போறோம்" என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடம் வரும்போது அடுக்களையிலிருந்து அவளும் ஓடிவந்து, ரெக்கார்டோடு சேர்ந்து இன்னொரு தடவை சொல்லுவாள். கஸ்பார் அப்போது துணியை மடித்துக்கொண்டிருப்பார்.

ஒரேயொரு குறைதான் அவளுக்கு. போய்ச் சேர்ந்த மாமியார் மெர்சலினின் குரல் மட்டும் ரெக்கார்டில் எங்கும் இல்லை. "ஊர்ல எல்லாரும் இருக்காவ, அத்தைக்கு ஒரு வார்த்த கேலி பண்ணத் தெரியல பாருங்க" என்று மாமாவிடமே சொல்லியிருக்கிறாள். அவரும், "ஆமா, அவளுக்குத் தெரியாது" என்றார்.

அந்த வருஷக் கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து நிவேதன் என்று ஒரு பையன் வந்தான். லீவு கிடைத்தால் போதும், பழைய இரும்புக் கடை, கோயில் ஸ்டோர் ரூம், எஸ்டேட் கிளப் என்று புகுந்து புகுந்து யாரும் கேட்காத பழைய ரெக்கார்டுகளைத் தோண்டி எடுக்கிறவன். அதிலும் அவனுக்கு வேண்டியது ஒரு தினுசு: ஒரு பாட்டே ஒரு பக்கம் ஓடும், தாளம் நொண்டும், நடுவில் நாலு தடவை வேறு பாட்டாக மாறும், புராக்ரஸிவ் ராக் என்று பெயர் சொன்னான். "கொழும்புல நாலு தமிழ்ப் பசங்க சேர்ந்து ஒரே ஒரு ரெக்கார்டு போட்டாங்கக்கா. சால்ட் சேப்பல்னு பேரு. ஜப்பான்ல ஒருத்தர்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுவும் கீறல். ஆர்கன் வாசிச்சுப் பாடினவர் தூத்துக்குடிப் பக்கம்னு மட்டும்தான் தெரியும். உங்க ஊர்ல சிரிப்பு கேக்குற ரெக்கார்டு ஒண்ணு இருக்குன்னு பஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க."

"இருக்கே! வாங்க தம்பி, மாமா போடுவாவ. நம்ம டயலாக்கும் வரும், கேட்டுட்டுப் போங்க."

முள் விழுந்ததும் அந்தப் பையன் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊளை வந்தது, செருப்பு வந்தது, செத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள்; அவன் அதற்கெல்லாம் பயப்படவில்லை, ரெக்கார்டு தேடுகிறவர்கள் இதைவிட விசித்திரமெல்லாம் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது; கூட்டத்துக்குப் பின்னால் தெரிந்த ஒருத்தரை எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நண்டு வந்தபோது ரெக்சலின் ஓடிவந்து கூடச் சேர்ந்து சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அட்டை இருக்காக்கா?"

"அட்டையெல்லாம் இல்ல தம்பி, வெறும் ரெக்கார்டுதான்."

அவன் சுவரைப் பார்த்தான். அங்கே சீரியல் பல்பு மின்ன, கண்ணாடி போட்ட சட்டத்தில் நீல அங்கி மாதா தொங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் மாட்டியது. மிலன் வயிற்றுக்குள் தலை திரும்பாமல் கிடந்தபோது ரெக்சலின் விடியவிடிய கும்பிட்டது இந்தப் படத்தைத்தான். "அக்கா," என்றான் அவன், சட்டத்துக்குக் கிட்டே போய், "கழற்றிப் பார்க்கலாமா?"

சட்டத்தின் ஆணியை நெம்பி அட்டையை வெளியே எடுத்துத் திருப்பினார்கள். பின்பக்கம் ஒரு போட்டோ. தோள் வரைக்கும் முடி வளர்த்த நாலு பையன்கள். நடுவில் ஒருத்தன் ஆர்கன் மேல் கை வைத்துக்கொண்டு, இந்த உலகத்தில் தன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது என்கிற மாதிரி சிரித்தபடி நிற்கிறான். வலது கையில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஆறாவது விரல்.

"தம்பி, டீ ஆறிரும்" என்று கஸ்பார் அந்தக் கையால்தான் டம்ளரை நீட்டினார்.

நிவேதன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். ரெக்சலினுக்கு உச்சந்தலையிலிருந்து ஏதோ ஒன்று வழிந்து இறங்குகிற மாதிரி இருந்தது. முதலில் காது சுட்டது, பிறகு கழுத்து சுட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து வருஷமாக எத்தனை விருந்தாளி முன்னால், எத்தனை தடவை, அந்த மனுஷன் துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது! நினைக்க நினைக்க ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து, "பிள்ள எங்க போயிட்டா?" என்று மாமா கேட்பது கேட்டது. இவள் மிலனின் வாயைப் பொத்தினாள்.

பையன் லாட்ஜுக்குப் போன பிறகு வெளியே வந்தாள். மாமா அட்டையை மறுபடியும் சட்டத்தில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார், மாதா பக்கம் வெளியே தெரிய.

"ஏன் மாமா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? கொடியேத்தத்தன்னைக்குச் சொல்லுவோம்னுதான் இருந்தேன். சத்தம் அடங்கட்டும்னு பாத்தேன். அடங்கல."

"அப்புறம் ஏன் மாமா வர்றவங்களுக்கெல்லாம் போட்டுப் போட்டுக் காட்டுனீங்க?"

கஸ்பார் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "வேற எதுக்குன்னா இந்த ஜனம் அரை மணி நேரம் உக்காந்து அதக் கேக்கும்? நீயே சொல்லு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவளுக்கு மட்டும் சொன்னேன்."

"மாமா, என்ன நாலு அடி அடிச்சிருங்க."

"போட்டீ, அடிக்காவளாம்." அவர் சீரியல் பல்பைச் செருகினார். "நண்டுன்னது தப்பில்ல மக்கா. அந்த எடத்துல எனக்கே இறங்கத் தெரியலதான்."

அந்த வார்த்தை அவளை இன்னும் கொன்றது. அவர் கடைக்குப் போன நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டைப் போட்டு, அதன் எதிரே முழங்காலில் நின்று, "தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க மாமா" என்றாள். திரும்பப் போட்டால் அது ஏறியிருக்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். "நல்லா பாடுறீங்க மாமா, சத்தியமா" என்றாள். எதுவும் ஏறவில்லை. நண்டு மட்டும் நேற்று சொன்னதைப் போலப் பளிச்சென்று இருந்தது. அது தன் குரல்தானா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமான குரல்.

சும்மா இருக்கிற பெண்ணில்லை அவள். ஊர்க் கமிட்டியிடம் போய் நின்றாள். கமிட்டித் தலைவர் இருதயராஜ் முதலில் நம்பவில்லை. "யாரு, நம்ம கஸ்பாரா? சைக்கிள்ல டபுள்ஸ் ஏறவே பயப்படுற ஆளு, கொழும்புல கூத்தடிச்சாராக்கும்?" அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினாள். விரலைப் பார்த்ததும் அவர் கமிட்டிக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கடைசியில், கொடியேற்றம் முடிந்த சாயங்காலம் மேடை போட்டு, கஸ்பாரை நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, குழாயில் அந்தப் பாட்டை முழுசாகப் போட்டு மரியாதை செய்வது என்று முடிவாயிற்று. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் ரெக்சலின் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அவ்வளவு காலமாகக் கேட்டுக் கேட்டு மறந்தே போயிருந்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. கஸ்பார் ஆரஞ்சுப் பொன்னாடையோடு, பல் தேய்த்துவிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொட்டு நொண்டியது, ஆர்கன் ஏறியது, பிறகு குழாயிலிருந்து அந்த ஊளை வந்தது. மண்ணுக்குள் போன தகப்பன்மார், சித்தப்பன்மார், உபதேசியார், எல்லோரும் ஒரே குரலாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து, "இறக்குலே அவன!" என்றார்கள். வீட்டு மிஷினில் கேட்டபோது அப்பாவாகவும் அண்ணனாகவும் கேட்ட குரல்கள், இப்போது என்ன சொல்லினவோ அதுவாகவே கேட்டன. ஓடிப்போய் நிறுத்தலாம் என்று இருதயராஜ் எழப் போனார். கஸ்பார் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"செருப்பால அடிங்கலே இவன" என்று ஸ்தனிஸ்லாஸ் சொன்னான். மணலில் உட்கார்ந்திருந்த செலீன் அக்கா, யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மார்பில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, உட்காராமல் அப்படியே நின்றாள். அடுத்து ஒரு தகப்பன் குரல். அவர் மகன் எழுந்தான். ஒரு அத்தை, இரண்டு மருமகள்கள் எழுந்தார்கள். செத்தவர்களுக்காக இருக்கிறவர்களும், இருக்கிறவர்கள் தங்களுக்காகவும், தங்கள் குரல் வர வர ஒவ்வொருத்தராக, குனிந்த தலையோடு எழுந்து நின்றார்கள். பெரிய சந்தியாகுவின் மக்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட.

ரெக்சலின் தன் இடம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். எழுந்த பிறகும் அது வரவே இல்லை, வரவே இல்லை, அந்தக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று, பிறகு ஊர் முழுக்க, கடல் வரைக்கும், அவளுடைய சந்தோஷமான குரல் கேட்டது: "யாத்தே, நண்டு மேல உக்காந்துட்டு எந்திரிக்கத் தெரியாம பாடுறான் போல!" பூமிக்குள் போய்விடலாம் என்றால் கால் மணலில் கணுக்கால் வரைதான் இறங்கியது.

பாட்டு முடிந்தபோது அநேகமாக ஊரே நின்றுகொண்டிருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் நிவேதன் மட்டும் அழுதுகொண்டே கை தட்டினான். அவன் போகிற கச்சேரிகளில் இப்படி எல்லோரும் எழுந்து நிற்பதற்கு வேறு அர்த்தம். கஸ்பார் கண்ணைத் திறந்து, நிற்கிற ஊரைப் பார்த்தார்.

"என்னலே எல்லாரும் நிக்கிய? உக்காருங்க," என்றார். "இன்னொரு பக்கம் இருக்கு."

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. குரல்கள் இருக்கிற பக்கத்தையே போட்டுப் போட்டு, மறுபக்கத்தை ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை. கஸ்பார் எழுந்துபோய்த் தன் கையால் ரெக்கார்டைத் திருப்பி வைத்தார்.

யாரும் தொடாத பக்கம் என்பது கேட்டவுடனே தெரிந்தது. அலை இறங்கின பிறகு கிடக்கிற மணல் மாதிரி இருந்தது. தாய்மார் பிள்ளைகளை மடியில் அமுக்கிக்கொண்டார்கள். அதே ஆர்கன், அதே நொண்டல், அதே குரல் மெல்ல மெல்ல ஏறி, இதற்கு மேல் வழியில்லை என்று நிற்கிற இடத்தில், எல்லா வாத்தியமும் அடங்கி, ஒரு பெரிய மௌனம் வந்து, அந்த மௌனத்தின் நட்டநடுவில் யாரோ, "ஹாச்" என்று தும்மினார்கள்.

ரெக்சலினுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்தாள். மாதாவே, இப்போதுமா, இத்தனைக்குப் பிறகுமா என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருக்கிறதே என்று நினைத்தாலும் தோள் குலுங்குவது நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, முகம் ஊதியது. மேடையிலிருந்து கஸ்பார் நேராக அவளைப் பார்த்தார்.

"சிரிச்சுத் தொலட்டீ, மூச்சு முட்டிரப் போவுது," என்றார். "அது பஸ்தியான். பாஸ் கிடாரு வாசிச்சவன். ஸ்டுடியோக்காரன் வெளிய போங்கன்னு கதவத் தட்டிட்டு நிக்கான், திரும்ப எடுக்க முடியல. தும்முனதோட விட்டுட்டோம். சண்டாளப் பய, ரெக்கார்டுல என் பாட்ட விட அவன் தும்மல்தான் சுருதியா இருக்கும்." சொல்லிக்கொண்டே அவர் சிரிக்க ஆரம்பித்தார். பொன்னாடை நழுவி விழுந்தது. அவர் சிரித்து அந்த ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க, ஆறாவது விரல் வரைக்கும் சிரித்தார். ரெக்சலின் முந்தானையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள், செலீன் அக்கா சிரித்தாள், ஊரே சிரித்தது, மிச்சப் பாட்டு சிரிப்புக்கு அடியில் ஓடி முடிந்தது.

முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பயம் வந்தது. அந்தப் பக்கத்தையும் கெடுத்துவிட்டோமோ என்று பேசாமல் கலைந்து போனார்கள். ரெக்சலின் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் அவள் மிலனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கஸ்பார் மறுபக்கத்தைப் போட்டார். அவள் கையில் இட்லி வைத்தபடி நின்றாள். குரல் ஏறியது, நின்றது, மௌனம் வந்தது, பஸ்தியான் தும்மினான். பிறகு ஆர்கன். வெறும் ஆர்கன் மட்டும். ஒரு சிரிப்புகூட ஏறியிருக்கவில்லை.

"ஏறலியே மக்கா," என்று கஸ்பார் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அவர் முகம் விடிந்திருந்தது.

ரெக்சலினுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. ஏறவில்லை என்றால் மாமாவின் சிரிப்பும் ஏறவில்லை. இவர் போன பிறகு இந்த வீட்டில் நண்டு இருக்கும், செருப்பு இருக்கும், "இறக்குலே அவன" இருக்கும், அவளுடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது பளிச்சென்று இருக்கும். நேற்றுச் சாயங்காலம் அவர் சிரித்த சிரிப்பு எங்கேயும் இருக்காது.

அவள் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தாள். பிள்ளையை இறக்கிவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, ரெக்கார்டுக்குப் பக்கத்தில், அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தத் தும்மல இன்னொரு தடவ போடுங்க."

"மொதல்லருந்துதான்."

"மொதல்லருந்தே போடுங்க. எனக்கு ஒரு சோலியும் இல்ல."

அடுப்பில் இருந்ததையும், தண்ணீர் லாரி வருகிற கிழமை என்பதையும் விட்டுவிட்டு அவள் அரை மணி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பஸ்தியான் தும்மினான், கஸ்பார் சிரித்தார். வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லாததால், ரெக்சலின் இரண்டு காதாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.